ஞானஸ்நானம் வாங்காமல் இறந்த குழந்தைகள்

ஞானஸ்நானம் இல்லாமல் மோட்சம் உண்டா? இந்தக் கேள்வியைப் பெரியவர்களை வைத்துக் கேட்டால் பதில் சொல்வது ஓரளவு சுலபம். நம்ப மறுத்தவன், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டவன் என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லிவிடலாம். பிறந்து ஒரு மணி நேரத்தில் இறந்த குழந்தையை வைத்துக் கேட்டால்தான் சிக்கல். அது எதையும் மறுக்கவில்லை. தலையில் தண்ணீர் படும்வரை உயிர் நிற்கவில்லை, அவ்வளவுதான். இந்தக் குழந்தைக்கு என்ன பதில் சொல்வது என்று மேற்கத்திய கிறிஸ்தவம் சுமார் 1600 வருடம் திண்டாடியிருக்கிறது.

ஆரம்பம் யோவான் நற்செய்தி 3ஆம் அதிகாரம். தண்ணீராலும் ஆவியாலும் மறுபடி பிறக்காதவனுக்குக் கடவுளின் ராஜ்யத்தில் இடமில்லை என்ற பொருளில் இயேசு நிக்கொதேமுவிடம் பேசுகிறார். ஆனால் லூக்கா நற்செய்தியில், பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு அன்றைக்கே பரதீசு கிடைக்கிறது. அவன் ஞானஸ்நானம் வாங்கியதாக எங்கேயும் இல்லை. ஆகவே ஆதிச்சபை விதியோடு விதிவிலக்கையும் சேர்த்தே வைத்திருந்தது. ஞானஸ்நானத்துக்கு முன்பே விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டால் சிந்திய இரத்தமே ஞானஸ்நானம். 392இல் ரோமப் பேரரசர் இரண்டாம் வாலென்டினியன் ஞானஸ்நானம் வாங்காமலே இறந்தபோது, அவருக்கு அந்த ஆசை இருந்ததே, அது போதும் என்ற கருத்தில் மிலான் பிஷப் அம்புரோஸ் இரங்கல் உரை ஆற்றினார்.

சரி, இரத்தம் சிந்தாத, ஆசைப்படவும் தெரியாத பச்சைக் குழந்தைக்கு எந்த விதிவிலக்கு?

இங்கேதான் அகஸ்டின் வருகிறார். சின்ன வயதில் கடும் நோய் வந்தபோது அவருக்கே ஞானஸ்நானம் கொடுக்க இருந்தார்கள், பிழைத்துக்கொண்டதும் தள்ளிப்போட்டுவிட்டார்கள். கடைசியில் 387இல், 32 வயதில், அந்த அம்புரோஸ் கையாலேயே வாங்கினார். அன்றைக்கு இது சகஜம். கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி 337இல் மரணப் படுக்கையில்தான் வாங்கினார். ஒரே தடவை கிடைக்கும் பாவமன்னிப்பை முன்கூட்டியே ஏன் செலவழிப்பது என்ற கணக்கு!

பிரிட்டனிலிருந்து வந்த பெலாஜியஸ் என்ற துறவியின் கட்சியினர், குழந்தைக்குச் சொந்தப் பாவம் எதுவும் கிடையாது, ஆதாமின் பாவம் அதன் தலையில் எப்படி விழும் என்று வாதாடினார்கள். அகஸ்டின் ஒரே ஒரு எதிர்க்கேள்வி வைத்தார். பாவமன்னிப்புக்கான சடங்கைச் சபை குழந்தைகளுக்கும் செய்கிறதே, பாவமே இல்லையென்றால் எதற்கு? அதுவும் ஆப்பிரிக்கச் சபையில் இது பழைய வழக்கம். மூன்றாம் நூற்றாண்டின் நடுவிலேயே கார்த்தேஜ் பிஷப் சிப்ரியானும் அவரோடு கூடிய 66 பிஷப்புகளும், எட்டு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம் என்று முடிவு சொல்லியிருந்தார்கள். சடங்கு இருக்கிறது, ஆகவே ஜென்மப் பாவம் இருக்கிறது. ஜென்மப் பாவம் இருக்கிறது, ஆகவே ஞானஸ்நானம் இல்லாத குழந்தைக்கு ஆக்கினைதான் என்று வாதம் போய் முடிந்தது. இருப்பதிலேயே மிக லேசான தண்டனைதான் என்று மட்டும் சேர்த்துக்கொண்டார். 415இல் ஜெரோமுக்கு எழுதிய கடிதத்தில் இந்த இடத்தில் தன் மனம் படும் பாட்டை அவரே ஒத்துக்கொள்கிறார். ஆனாலும் பின்வாங்கவில்லை. 418இல் கார்த்தேஜில் கூடிய பிஷப்புகள் பெலாஜியஸ் கட்சியைக் கண்டித்தார்கள். தர்க்கத்தில் அகஸ்டின் பக்கம் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம். பயமாக இருப்பதும் அதனால்தான். (கிழக்கே ஆர்த்தடாக்ஸ் சபைகள் ஆதாமின் குற்றமே குழந்தைக்கு வருகிறது என்பதை ஏற்கவில்லை. அதனால் அங்கே இந்தத் தலைவலி இந்த அளவுக்கு இல்லை.)

இடைக்கால அறிஞர்களால் இதை ஜீரணிக்க முடியவில்லை. நெருப்பும் இல்லை, மோட்சமும் இல்லை என்று விளிம்பில் ஓர் இடம் உண்டாயிற்று. அதுதான் லிம்போ. தாமஸ் அக்குவினாஸ் (இறப்பு 1274) இன்னும் ஒரு படி போய், அங்கே குழந்தைகளுக்கு வலியே கிடையாது, இயல்பான ஒரு சந்தோஷத்தோடு இருப்பார்கள், கடவுளை நேரில் காண முடியாது, அவ்வளவுதான் என்றார். பி.காம் படிக்கிறவர்களுக்குச் சட்டென்று புரியும்: எந்தத் தலைப்பிலும் சேராத தொகையை அனாமத்துக் கணக்கில் வைப்போமே, அது மாதிரி. 14ஆம் நூற்றாண்டில் ரிமினி கிரிகோரி என்ற அறிஞர் அகஸ்டினின் பழைய நிலைக்கே திரும்பினார். அவருக்குக் கிடைத்த பட்டப்பெயர், குழந்தைகளை வதைப்பவர்!

ஆனால் பெற்ற தாய்க்கு லிம்போ ஆறுதலா? ஞானஸ்நானம் இல்லாத குழந்தையை மந்திரித்த கல்லறைத் தோட்டத்தில் புதைக்கவும் முடியாது. சுவிட்சர்லாந்தில் பெர்ன் அருகே ஓபர்பூரன் என்ற ஊரில் ஒரு மாதா கோவில் இருந்தது. செத்துப் பிறந்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் அங்கே போவார்கள். 1486இல் கான்ஸ்டன்ஸ் பிஷப் போப்பாண்டவருக்கு அனுப்பிய புகாரில் அங்கே நடந்தது விவரமாக இருக்கிறது. உடலைத் தணலுக்கும் மெழுகுவர்த்திகளுக்கும் நடுவில் வைத்துச் சூடாக்குவார்கள். உதட்டில் ஓர் இறகு. இறகு அசைந்தால் மூச்சு வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே ஞானஸ்நானம், பிறகு அடக்கம். அப்படி அங்கே கொண்டுவரப்பட்ட குழந்தைகள் 2000க்கும் மேல் என்று அந்தப் புகார் சொல்கிறது. 1528இல் புராட்டஸ்டன்ட் பக்கம் போன பெர்ன் அரசு சில வருடங்களில் கோவிலை இடித்துவிட்டது. 1990களில் அங்கே தோண்டியபோது சுமார் 250 சிசுக்களின் எலும்புகள் கிடைத்தன. வெந்த காற்றில் இறகு அசையும் என்பது அந்தத் தாய்மார்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ரோமாபுரி 1729இல் இந்த வழக்கத்தைத் தடை செய்தது.

சீர்திருத்தக்காரர்களும் ஒரே குரலில் பேசவில்லை. லூத்தரன்களின் 1530 ஆக்ஸ்பர்க் அறிக்கை ஞானஸ்நானம் இரட்சிப்புக்கு அவசியம் என்றே சொல்கிறது. கால்வின், விசுவாசிகளின் பிள்ளைகள் பிறக்கும்போதே உடன்படிக்கைக்குள் இருக்கிறார்கள், மருத்துவச்சி அவசரமாகத் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை என்றார். அனபாப்டிஸ்டுகள் குழந்தை ஞானஸ்நானமே செல்லாது என்றார்கள். அதற்காக 1527இல் சூரிச் நகரத்தார் பீலிக்ஸ் மான்ஸை ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். தண்ணீரையே தேர்ந்தெடுத்ததில் இருக்கும் குரூரத்தைக் கவனியுங்கள்.

இந்தப் பயம் கடல் தாண்டியும் போனது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்தே கை ஓய்ந்துபோவதாக 1544இல் கடிதம் எழுதினார். பின்னால் ஜப்பானுக்குப் போனபோது அங்கே புதிதாகக் கிறிஸ்தவர்களானவர்கள், எங்கள் முன்னோர் என்ன ஆனார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நரகத்திலிருந்து மீட்பு கிடையாது என்ற பதிலைக் கேட்டு அவர்கள் அழுததை 1552 கடிதத்தில் அவரே பதிவு செய்கிறார்.

இதைவிடக் கொடுமை 1858இல் இத்தாலியில் போலோன்யா நகரில் நடந்தது. அங்கே மொர்த்தாரா என்ற யூதக் குடும்பம். கைக்குழந்தை எட்கார்தோவுக்கு உடம்பு சரியில்லாதபோது, செத்துவிட்டால் மோட்சம் கிடைக்காதே என்று பயந்து, வேலைக்காரப் பெண் ஆன்னா மொரீஸி ரகசியமாகத் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. வருடங்கள் கழித்து விஷயம் வெளியே வந்தது. அப்போது அது போப்பாண்டவரின் ஆட்சிப் பகுதி. ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை யூத வீட்டில் வளரக்கூடாது என்பது சட்டம். ஆறு வயதுப் பையனைப் போலீஸ் வந்து தூக்கிப் போயிற்று. ஐரோப்பாவும் அமெரிக்காவும் கண்டித்தும் ஒன்பதாம் பத்திநாதர் திருப்பிக் கொடுக்கவில்லை. பையன் பாதிரியார் ஆகி 1940இல் பெல்ஜியத்தில் இறந்தார். ஓபர்பூரன் தாயையும் இந்த வேலைக்காரப் பெண்ணையும் ஆட்டிவைத்தது ஒரே பயம்தான். ஒன்று தன் பிள்ளை, ஒன்று ஊரார் பிள்ளை.

கத்தோலிக்கச் சபை நிலை மாறியதற்கு முதல் அடையாளம் எந்த இறையியல் புத்தகத்திலும் இல்லை, பூசைப் புத்தகத்தில் இருக்கிறது. ஞானஸ்நானத்துக்கு முன் இறந்த குழந்தைக்கான அடக்கப் பூசை 1970 திருப்பலிப் புத்தகத்தில் இடம்பெற்றது. 1992 மறைக்கல்வி ஏடு, அந்தக் குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைப்பதாகச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டது. லிம்போ என்ற பேச்சே அதில் இல்லை. 2007 ஏப்ரலில், பதினாறாம் பெனடிக்ட் அனுமதியோடு, வத்திக்கானின் சர்வதேச இறையியல் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. லிம்போவைத் தடை செய்யவில்லை, ஒரு கருத்தாக வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் வைத்துக்கொள்ளலாம்; ஆனால் இந்தக் குழந்தைகள் மீட்கப்படுவார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் உண்டு என்றது. அந்தக் காரணங்களில் ஒன்று அந்த அடக்கப் பூசை. சடங்கைக் காட்டி ஆக்கினையை நிரூபித்தார் அகஸ்டின். இவர்களும் சடங்கைத்தான் காட்டினார்கள், எதிர்த் திசையில்.

நிச்சயம் என்ற வார்த்தையை மட்டும் குழு சொல்லவில்லை. நம்பிக்கை, அவ்வளவுதான். முடிகிறபோது ஞானஸ்நானம் கொடுத்தே ஆகவேண்டும் என்பதும் அப்படியே இருக்கிறது. அயர்லாந்தில் இந்தக் குழந்தைகளை ஊர் எல்லையிலும் பாழடைந்த கோவில் ஓரத்திலும் தனியே புதைத்த இடங்கள் ஆயிரத்துக்கு மேல் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் அப்படித்தான் புதைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் பெயர் வெட்டாத சாதாரணக் கற்கள். சமீப பத்தாண்டுகளில் அவற்றில் பல இடங்களுக்குப் பாதிரியார்கள் போய் மந்திரித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.