ஒரு கிலோமீட்டரை எங்கிருந்து அளப்பது? ஏர்பேட்டை முன்வைத்துப் பள்ளி எல்லைத் தகராறு

2022 ஜூனில் ஆந்திரப் பிரதேச அரசு பிறப்பித்த 117ஆம் எண் அரசாணை, பள்ளிகளை ஆறு வகைகளாகப் பிரித்தது. தொடக்கப் பள்ளியின் 3, 4, 5ஆம் வகுப்புகள் ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் உயர்நிலைப் பள்ளியோடு சேர்க்கப்பட வேண்டும். 1, 2ஆம் வகுப்புகள் மட்டும் ‘பவுண்டேஷன்’ பள்ளியாக ஊரில் நிற்கும். ஜூலையில் பள்ளி திறந்ததும் பல மாவட்டங்களில் பெற்றோர் பள்ளிக்குப் பூட்டுப் போட்டனர். ‘விலீனம்’ (இணைப்பு) வேண்டாம் என்று ஆசிரியர் சங்கங்களும் களமிறங்கின. 2025 மே மாதம், ஆட்சி மாறிய பின், அந்த ஆணை விலக்கப்பட்டு ஒன்பது வகைப் பள்ளிகள் அறிவிக்கப்பட்டன. கல்வியின் தரத்துக்கும் பள்ளியின் தூரத்துக்கும் இடையிலான வழக்காகவே இந்தத் தகராறு பேசப்பட்டு வருகிறது. தூரத்தை அளக்கத் தொடங்கிய இடமே தவறு என்பது இக்கட்டுரையின் வாதம்.

அரசுத் தரப்பின் நியாயத்தை ஒதுக்கிவிட முடியாது. ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்புகளையும் சமாளிக்கும் பள்ளியில் எந்த வகுப்புக்கும் முழுப் பாடம் நடப்பதில்லை. தனியார் பள்ளி வேன் தெருமுனைக்கே வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. அரசுப் பள்ளியில் வருகைப் பதிவேடு மெலிகிறது. உயர்நிலைப் பள்ளிக்குப் போனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் பாடவாரியாக ஆசிரியர் கிடைப்பார் என்பதே அரசின் கணக்கு. ஆனால் மேல்வகுப்புகள் போனபின் ஊரில் எஞ்சிய இரண்டு வகுப்புகளுக்குப் பல இடங்களில் ஒருவரே மிஞ்சினார். ஓராசிரியர் பள்ளியை ஒழிக்க வந்த திட்டம் புதிய ஓராசிரியர் பள்ளிகளை உண்டாக்கியது.

இனி அளவுக்கு வருவோம். 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு அண்மைப் பள்ளியை அரசின் கடமையாக்குகிறது. 2010இல் வந்த மத்திய விதிகள், 1 முதல் 5ஆம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டர், 6 முதல் 8 வரை மூன்று கிலோமீட்டர் என்று நடைதூரத்தை வரையறுத்தன. அங்கே நடப்பது குழந்தை. எனவே அளவு வீட்டு வாசலில் தொடங்கியாக வேண்டும். 117ஆம் ஆணையோ பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையே அளந்தது. ஓர் எடுத்துக்காட்டு: தொடக்கப் பள்ளியிலிருந்து உயர்நிலைப் பள்ளி கிழக்கே 900 மீட்டர், யானாதிக் குடும்பங்கள் வாழும் எஸ்.டி. காலனி மேற்கே 700 மீட்டர். அந்த ஆணையின்படி இந்தப் பள்ளியை இணைத்திருக்கலாம். எட்டு வயதுப் பிள்ளை நடக்க வேண்டியதோ 1,600 மீட்டர்.

மீட்டர் கணக்கு சரியாகவே இருந்தாலும் வழி எப்படிப்பட்டது என்ற கேள்வி எஞ்சுகிறது. ஆபத்தான வழியுள்ள இடங்களில் தூர வரம்பைக் குறைத்துப் பள்ளி அமைக்க வேண்டும் என்றும் மத்திய விதிகள் சொல்கின்றன. 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த, இப்போது திருப்பதி மாவட்டத்தில் உள்ள ஏர்பேடு மண்டலம் இதற்குத் தக்க சான்று. ரேணிகுண்டா–கூடூர் ரயில்பாதை, பூதலப்பட்டு–நாயுடுபேட்டை நெடுஞ்சாலை, சுவர்ணமுகி ஆறு மூன்றும் இந்நிலத்தைக் கீறிச் செல்கின்றன. 2017 ஏப்ரல் 21 அன்று ஏர்பேடு காவல் நிலையத்தின் முன் மணல் கொள்ளையை எதிர்த்துக் கூடியிருந்தவர்கள்மீது லாரி பாய்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அது பள்ளி தொடர்பான விபத்தல்ல; சாலை எத்தகையது என்பதற்கு அதுவே போதும். அதே மண்டலத்தில்தான் திருப்பதி ஐ.ஐ.டி.யும் ஐசர் (IISER) நிறுவனமும் வளாகம் எழுப்பியுள்ளன. உயர்கல்விக்கு நாடெங்கிலுமிருந்து மாணவர் வந்து சேரும் இடத்தில், மூன்றாம் வகுப்புக்குச் சாலையைக் கடப்பது ஒரு பிரச்சினையாக இருக்கிறது.

தூரம் காட்டாத இன்னொன்று மொழி. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்த பிறகும், ஆந்திரத்தின் நகரி, சத்தியவேடு, குப்பம் பகுதிகளில் தமிழ்வழிப் பள்ளிகள் இயங்கின. அத்தகைய தொடக்கப் பள்ளியை அருகிலுள்ள தெலுங்கு அல்லது ஆங்கிலவழி உயர்நிலைப் பள்ளியோடு இணைத்தால் தமிழ்க் கல்வி இரண்டாம் வகுப்போடு அறுந்துபோகும். தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்யச் சொல்லும் அரசியலமைப்பின் 350அ பிரிவுக்கு அங்கே பொருளில்லை.

மறுபக்கமும் உண்டு. பல ஊர்களில் காலனிக்கு ஒரு பள்ளி, ஊருக்கு ஒரு பள்ளி என்று நிற்பதற்குச் சாதியே காரணம். எல்லையை மாற்றினால் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் அமரலாம். அமெரிக்காவில் 1974இல் மில்லிகன்–பிராட்லி வழக்கில், டெட்ராய்ட் நகரப் பள்ளிகளின் நிறப் பிரிவினையைத் தீர்க்கப் புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் சேர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லைக்கோடு அசையாததால் பிரிவினையும் அசையவில்லை. ஆகவே எல்லையைத் தொடவே கூடாது என்று வாதிடுவதும் நியாயமாகாது.

1964–66 கோத்தாரி கல்வி ஆணையம் சொன்ன பள்ளித் தொகுதி முறை இங்கே கைகொடுக்கும். அதில் சிறு பள்ளி தன் ஊரிலேயே இருக்கும். உயர்நிலைப் பள்ளியின் நூலகமும் ஆய்வுக்கூடமும் பயிற்சியும் அதற்கும் கிட்டும். இணைத்தே ஆக வேண்டுமென்றால், வீடுவீடாக வழியை நடந்து அளந்து, கடக்கும் சாலையையும் பாதையையும் குறித்த வரைவு வரைபடத்தைக் கிராமச் செயலகத்தில் ஒட்டி, முக்கால்வாசிப் பெற்றோரைக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம் பெற்ற பிறகே ஆணை வர வேண்டும். ஒன்பது வகையோ ஆறு வகையோ, இந்த வரிசை தலைகீழானால் அடுத்த ஆட்சியிலும் பள்ளிக்குப் பூட்டு விழும்.