சம்பளச் சீட்டும் கவிழ்ந்த அண்டாவும்: ஜானிசரிப் படையின் ஆக்கமும் கலைப்பும்

ஓட்டோமான் பேரரசின் ஜானிசரிப் படை 1826 ஜூன் மாதத்தில் சில நாள்களுக்குள் இல்லாமல் போனது. அந்த அழிப்புக்கு அரசு சூட்டிய பெயர் ‘நற்பேற்று நிகழ்வு’. அரசவை வரலாற்றாசிரியர் எசாத் எஃபெண்டி அதைப் பற்றி எழுதிய நூலும் சுல்தானின் வெற்றியைப் போற்றுவதே. கட்டுப்பாடு குலைந்த வீரர்கள், பொறுமை இழந்த மன்னர், தவிர்க்க முடியாத தண்டனை என்ற இந்தச் சித்திரத்தைப் பின்வந்த பலர் அப்படியே ஏற்றுக்கொண்டனர். படை சீர்குலைந்திருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சீர்குலைவின் வேர் கருவூலத்தில் இருந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், முதலாம் முராதின் ஆட்சிக்காலத்தில் இப்படை உருப்பெற்றது. போர்க்கைதிகளில் ஐந்தில் ஒரு பங்கு மன்னருக்குரியது என்ற முறைப்படி கிடைத்த இளைஞர்களே முதல் வீரர்கள். பிறகு வந்தது தெவ்ஷிர்மே முறை. பால்கன் பகுதிக் கிறித்தவக் கிராமங்களிலிருந்து சிறுவர்களைத் திரட்டி, இஸ்லாத்துக்கு மாற்றி, அனத்தோலிய உழவர் வீடுகளில் சில ஆண்டுகள் வளரவிட்டு, பயிற்சிப் பிரிவில் சேர்த்தனர். குலப்பெருமையோ சொந்த நிலமோ இல்லாதவன் மன்னரைத் தவிர வேறு யாரையும் அண்டியிருக்க மாட்டான் என்பது இதன் கணக்கு. பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரித்த கொடுமையை அந்தக் கணக்கு மறைத்துவிடக் கூடாது. கட்டடக் கலைஞர் சினான் இம்முறையில் திரட்டப்பட்டு, ஜானிசரியாகப் போர்முனைகளுக்குச் சென்று, பின்னரே சுலைமானியே மசூதியைக் கட்டினார்.

படையின் அமைப்பு முழுவதும் அடுப்பங்கரையைச் சுற்றியே பின்னப்பட்டிருந்தது. மொத்தப் படைக்கும் ‘ஒஜாக்’, அதாவது அடுப்பு என்று பெயர். அதன் கீழ் ‘ஒர்த்தா’ எனப்பட்ட 196 பிரிவுகள் இருந்தன. பிரிவுத் தலைவனின் பட்டம் ‘சோர்பஜி’, சூப்புக்காரர். தொப்பியின் முன்புறத்தில் கரண்டி செருக இடம் இருந்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் சொந்தமான பெரிய அண்டா, கொடிக்கு நிகரான மதிப்புடையது. அதைப் போர்க்களத்தில் பறிகொடுப்பது பெரும் இழுக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டொப்காபி அரண்மனை முற்றத்தில் சம்பளம் வழங்கும் நாளில் உணவும் பரிமாறுவார்கள். வீரர்கள் அதைத் தொடாமல் நின்றால் மனக்குறை என்று பொருள். அண்டாவைக் கவிழ்த்தால் கலகம். மன்னர் கையால் உண்கிறோம் என்ற உறவுதான் இப்படையின் அரசியல் சாசனம் என்று சொல்லத் தோன்றுகிறது. அந்த உறவை முதலில் முறித்தது எந்தத் தரப்பு என்பதைப் பார்க்க வேண்டும்.

16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வீரர்களின் எண்ணிக்கை சுமார் 12,000 முதல் 13,000 வரை. 1526இல் மொஹாச் களத்தில் ஹங்கேரியக் குதிரைப்படையை முறியடித்ததில் இவர்களது துப்பாக்கிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. 1580களில் விலைவாசி ஏறியபோது, அரசு அக்சே நாணயத்தின் வெள்ளியளவைக் கடுமையாகக் குறைத்தது. பெயரளவில் மாறாத சம்பளம் சந்தையில் சுருங்கிப்போனது. 1589இல் மட்டமான நாணயத்தைக் கண்டு அரண்மனைப் படையினர் கொதித்தெழுந்து, பொறுப்பான அதிகாரிகளின் தலைகளைக் கேட்டனர்; மூன்றாம் முராது இணங்கினார். அடுத்து ஹாப்ஸ்பர்க் அரசுடன் 1593 முதல் 1606 வரை நடந்த நீண்ட போருக்குத் துப்பாக்கி ஏந்திய காலாட்கள் ஏராளமாகத் தேவைப்பட்டனர். சில பத்தாண்டுகளில் படை ஏறத்தாழ மூன்று மடங்கானது. ஊதியம் தரும் வலிமை அப்படி வளரவில்லை.

வீரர்கள் பிழைப்பு தேடினர். கசாப்பு, படகோட்டம், சுமைதூக்கல், காப்பிக்கடை எனத் தொழில்களில் இறங்கினர், மணம் செய்தனர், பிள்ளைகளைப் படையில் சேர்த்தனர். சம்பளச் சீட்டு கைமாறும் சரக்கானது. 18ஆம் நூற்றாண்டில் அதை வாங்குவதும் விற்பதும் வெளிப்படையான வழக்கமாயின. போர்முனையைப் பார்த்தேயிராதவர்கள் வீரர் பெயரில் ஊதியம் பெற்றனர். பட்டியலில் இருந்த பெயர்கள் லட்சத்தைத் தாண்டின. களத்துக்கு வந்தவர்கள் அதில் சிறு பகுதியே.

நகரத் தொழிலாளருடன் கலந்த இப்படை, சுல்தானைத் தடுக்கும் ஒரே மக்கள் சக்தியாகவும் மாறியது. 1622இல் இரண்டாம் ஒஸ்மான் கொல்லப்பட்டார். 1730இல் பத்ரோனா கலீல் கலகம் மூன்றாம் அகமதுவை இறக்கியது. 1807இல் ஐரோப்பிய முறைப்படி ‘நிஜாமி ஜெதீது’ என்ற புதுப்படை அமைத்த மூன்றாம் செலிம் பதவி இழந்தார்.

1808இல் அரியணை ஏறிய இரண்டாம் மஹ்மூது இதிலிருந்து பாடம் கற்றவர். அவர் பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்தார். பீரங்கிப் படையை வளர்த்தார், ஜானிசரித் தளபதிகளாகத் தம் ஆட்களை அமர்த்தினார், மார்க்க அறிஞர்களைத் தம் பக்கம் இழுத்தார். கிரேக்கக் கிளர்ச்சியில் எகிப்தின் நவீனப் படை பெற்ற வெற்றிகள் அவருக்குக் கைகொடுத்தன. 1826 மே 28இல், 51 பிரிவுகளிலிருந்து தலா 150 பேருக்குப் புதுப்பயிற்சி என்ற ஆணை வந்தது. ஜூன் 14 இரவு அண்டாக்கள் எத்மெய்தான் திடலுக்கு வந்துசேர்ந்தன. மறுநாள் நபிகளாரின் புனிதக் கொடி வெளியே எடுக்கப்பட்டது. முன்பெல்லாம் கலகக்காரர்களோடு நின்ற நகரமக்களில் பலர், மதரசா மாணவர்களோடு சேர்ந்து அக்கொடியின் கீழ்த் திரண்டனர். முடிவைத் தீர்மானித்தது இந்தத் திருப்பமே. பீரங்கிகள் படைவீட்டின் வாயிலைத் தகர்த்ததும் தீ பரவியதும் அதற்குப் பிறகுதான். ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஜூன் 17இல் கலைப்பு ஆணை வாசிக்கப்பட்டது.

படையோடு ஆன்மிக உறவு பூண்டிருந்த பெக்தாஷி சூஃபி மரபு ஜூலையில் தடைசெய்யப்பட்டது. ஜானிசரித் தொடர்புடைய சுமைதூக்குவோரும் படகோட்டிகளும் தலைநகரிலிருந்து பெருந்திரளாக வெளியேற்றப்பட்டனர். இந்தக் களையெடுப்பின் வீச்சைப் பார்த்தால், சுல்தான் அஞ்சியது படையை மட்டுமல்ல, அது ஊன்றியிருந்த நகர அடித்தளத்தையும்தான் என்பது புலனாகிறது. புதிதாக அமைந்த ‘மன்சூரே’ படை பக்குவப்படுவதற்குள் 1828இல் ரஷ்யா போர் தொடுத்தது. 1829 ஆகஸ்டில் ரஷ்யப் படைகள் எதிர்னே நகருக்குள் நுழைந்தன; செப்டம்பரில் சுல்தான் அங்கேயே சமாதான ஒப்பந்தத்துக்கு இணங்க நேர்ந்தது.