பங்குக் கூடத்திலிருந்து அரசு மாளிகைக்கு

1980-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 10-ஆம் நாள், பிரேசில் நாட்டின் சாவோ பாவ்லோ நகரில், சியோன் அன்னை சபைச் சகோதரிகளின் பள்ளியில் பலர் கூடினர். ஆலைத் தொழிலாளர்கள், ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், தங்கள் பங்குகளில் விவிலியம் வாசித்து விவாதித்துப் பழகிய எளிய மனிதர்கள் ஆகியோர் அக்கூட்டத்தில் இருந்தனர். அன்று அவர்கள் தோற்றுவித்த தொழிலாளர் கட்சி, 2002-ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று அந்நாட்டின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றது. கடைசல் இயந்திரத்தில் வேலை செய்தவரான லூலா டா சில்வா, மூன்று முறை தோற்று நான்காம் முறையில் அதிபரானார்.

லூலா தனித்து வரவில்லை. வெனிசுவேலாவில் 1998 டிசம்பரிலேயே ஊகோ சாவேஸ் வென்றிருந்தார். பின்னர் அர்ஜென்டினா, உருகுவே, பொலிவியா, ஈக்வடார் என அலை பரவியது. 2006-இல் பதவியேற்ற ஏவோ மொராலெஸ், பொலிவியாவின் முதல் பழங்குடி அதிபர். 2008-ஆம் ஆண்டின் முடிவில், ஸ்பானியமும் போர்த்துக்கீசியமும் வழங்கும் பத்துத் தென் அமெரிக்க நாடுகளில் எட்டில், இடதுசாரி அல்லது இடதுசாரிச் சாய்வுடைய அரசுகள் அமைந்திருந்தன. இவை யாவும் வாக்குச் சீட்டின் வழியே வந்தவை என்பது நினைவில் இருத்தத் தக்கது.

இதற்குப் பொருளியல் காரணங்கள் பல கூறப்படுகின்றன, அவை உண்மையே. 1980-களில் கடன் சுமை கழுத்தை நெரித்தது. கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைப்படி அரசின் சொத்துகள் தனியாருக்கு விற்கப்பட்டன. பொலிவியாவின் கொச்சபாம்பா நகரில் குடிநீர் வழங்கும் உரிமையே ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் கைக்குச் சென்றது. கட்டணம் ஏறியதும் மக்கள் தெருவில் இறங்கி, 2000-ஆம் ஆண்டில் அந்த ஒப்பந்தத்தை முறியடித்தனர். அர்ஜென்டினாவில் 2001-இன் இறுதியில் வங்கிச் சேமிப்புகள் முடக்கப்பட, அதிபர் பதவி விலகி உலங்கு வானூர்தியில் மாளிகையை விட்டு வெளியேறினார்.

ஆனால் சினம் மட்டும் ஓர் இயக்கத்தை உருவாக்கிவிடாது. கூடிப் பேசவும், பொறுப்புகளைப் பகிரவும், அஞ்சாமல் எழுந்து நிற்கவும் ஏழைகள் எங்கே கற்றனர்? பிரேசிலைப் பொறுத்தவரை விடை பெரிதும் நமது திருச்சபைக்குள்ளேயே இருக்கிறது. 1964 முதல் 1985 வரை அங்கு நடந்தது இராணுவ ஆட்சி. கட்சிகளும் சங்கங்களும் ஒடுக்கப்பட்ட அந்நாளில் பங்குக் கூடத்தின் கதவு திறந்திருந்தது. 1968-இல் கொலம்பியாவின் மெதெயின் நகரில் கூடிய இலத்தீன் அமெரிக்க ஆயர்கள், ஏழைகளின் பக்கம் திருச்சபை நிற்க வேண்டும் என்று அறிவித்த பின்னர், அடிப்படைக் கிறிஸ்தவக் குழுமங்கள் ஆயிரக்கணக்கில் தழைத்தன. நம் பங்குகளில் அன்பியம் என்று நாம் அழைப்பதன் மூத்த உறவினர் என்று அவற்றைச் சொல்லலாம். அங்கே விடுதலைப் பயண நூலை வாசித்தவர்கள், பார்வோன் யார் என்று கேட்கத் தொடங்கினர்.

1980-இல் சாவோ பெர்னார்டோ நகரின் உலோகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அரசு சங்கத்தை முடக்கி, லூலாவைச் சிறையிட்டது. தொழிலாளர்கள் அவ்வூர்த் தலைமை ஆலயத்தில் கூடினர். அதற்கு இடமளித்தவர் சாந்தோ அந்திரே மறைமாவட்ட ஆயர் கிளாவுதியோ உம்மெஸ். பின்னர் கர்தினாலான இவரே, 2013-ஆம் ஆண்டுத் தேர்தல் அவையில் அருகில் அமர்ந்திருந்த கர்தினால் பெர்கோலியோவிடம் ஏழைகளை மறந்துவிட வேண்டாம் என்று கூறியவர். அச்சொல்லே தமக்குப் பிரான்சிஸ் என்ற பெயரைத் தந்தது எனத் திருத்தந்தை பின்னர் விளக்கினார்.

ஆட்சிக்கு வந்ததும் என்ன நடந்தது? 2003-இல் பிரேசிலில் தொடங்கிய குடும்ப உதவித் திட்டத்தில், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பித் தடுப்பூசி போடும் ஏழைக் குடும்பங்களுக்கு மாதந்தோறும் பணம் தரப்பட்டது. பெரும்பாலும் தாயின் பெயரிலேயே தரப்பட்டது. இலத்தீன் அமெரிக்கா முழுவதிலும் 2002-இல் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேர் வறுமையில் இருந்தனர். 2013-இல் ஏறத்தாழ 28 பேர். இது சிறிய காரியமன்று. எனினும் சீனா நல்ல விலைக்கு வாங்கிய சோயாவும் இரும்புத் தாதும் செம்பும் எண்ணெயும் இதற்குப் பெரிதும் துணை நின்றன. விலை வீழ்ந்தபோது அரசுகளும் தள்ளாடின. எண்ணெயை மட்டுமே நம்பிய வெனிசுவேலாவிலிருந்து 70 இலட்சத்துக்கும் அதிகமானோர் பிழைப்புத் தேடி வெளியேறினர்.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. குழுமங்களில் வளர்ந்த சிறந்த தலைவர்கள் பலர் அரசு அலுவலகங்களுக்குச் சென்றுவிட்டனர். அவர்கள் எழுந்து வந்த கூட்டங்கள் மெலிந்தன. பசி ஒழிப்புத் திட்டத்திற்கு ஆலோசகராயிருந்த சாமிநாதர் சபைச் சகோதரர் பெட்டோ, இரண்டு ஆண்டுகளில் விலகினார். ஏழைகள் தாமே முடிவெடுக்கும் ஊர்க் குழுக்களைக் கைவிட்டு, பணம் வழங்குவதோடு அரசு நின்றுகொண்டது என்பது அவருடைய குறை. அதில் நியாயம் உண்டு.

பராகுவேயில் ஓர் ஆயரே அதிபரானார். சான் பெத்ரோ மறைமாவட்டத்தின் முன்னாள் ஆயர் பெர்னாண்டோ லூகோ, 2008-இல் வென்று 61 ஆண்டுக் கட்சி ஆட்சியை முடித்து வைத்தார். திருப்பீடம் அவரைக் குருநிலையிலிருந்து விடுவித்தது. அதற்கு முன்பே பிறந்த ஒரு குழந்தைக்குத் தாம் தந்தை என்று மறு ஆண்டே அவர் ஒப்புக்கொண்டது, நம்பியவர்களைப் புண்படுத்தியது. நிலமற்ற உழவர்களுக்கு நிலம் என்ற வாக்குறுதியும் நிறைவேறவில்லை. 2012 ஜூனில் நிலத் தகராறு ஒன்றில் 11 உழவர்களும் 6 காவலர்களும் மாண்டனர். ஒரே வாரத்தில் நாடாளுமன்றம் அவரைப் பதவி நீக்கியது. தம் தரப்பைச் சொல்ல அவருக்குக் கொடுக்கப்பட்டது இரண்டு மணி நேரம்.

நிக்கராகுவாவின் கதை இன்னும் கசப்பானது. 1979-ஆம் ஆண்டுப் புரட்சி அரசில் குருக்கள் அமைச்சர்களாயிருந்தனர். அவர்களுள் ஒருவரான கவிஞர் எர்னெஸ்தோ கார்தெனாலைத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1983-இல் மனாகுவா விமான நிலையத்தில் விரல் நீட்டிக் கண்டித்த காட்சியை உலகமே கண்டது. மறு ஆண்டு அவருடைய குருத்துவப் பணி தடை செய்யப்பட்டது. அதே புரட்சியின் தலைவர் தானியேல் ஒர்த்தேகா 2007-இல் மீண்டும் ஆட்சிக்கு வந்தார். 2018-இல் எதிர்த்துக் கிளம்பிய மாணவர்கள் சுடப்பட்டபோது ஆலயங்களே அவர்களுக்கு அடைக்கலம் தந்தன. 2023-இல் ஆயர் ரொலாந்தோ ஆல்வாரெசுக்கு 26 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மறு ஆண்டு அவர் நாடு கடத்தப்பட்டார். இயேசு சபையினரின் பல்கலைக்கழகம் பறிமுதலாயிற்று.

கார்தெனாலோ ஒர்த்தேகாவை நெடுநாளாகவே துணிந்து எதிர்த்து வந்தார். 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்மீதிருந்த தடையை நீக்கினார். 2020 மார்ச் முதல் நாளில், 95 வயதில், அவர் இறந்தார். மனாகுவா பேராலயத்தில் அடக்கத் திருப்பலி நடந்துகொண்டிருக்கையில், அவர் ஒருகாலத்தில் அமைச்சராயிருந்த கட்சியின் ஆட்கள் உள்ளே புகுந்து, துரோகி என்று கூச்சலிட்டனர்.