மூன்றில் ஒரு பங்கு: திலாவும் முரப்பாவும் வாழைப்பழ ஜாமும்

பேருந்துகளில் விற்கப்படும் இஞ்சி முரப்பாவைச் சுவைக்காதவர் நம் நாட்டில் குறைவு. அதன் பெயர் அரபுச் சொல் என்பதை எண்ணிப் பார்த்தவர் அதனினும் குறைவு. சர்க்கரைப் பாகில் ஊறவைத்துப் பதப்படுத்தியது என்பதே ‘முரப்பா’ என்பதன் பொருள். பிள்ளை வளர்ப்பைக் குறிக்க நாம் அன்றாடம் வழங்கும் ‘தர்பிய்யத்’ என்னும் சொல்லும் இதே வினையிலிருந்து பிறந்ததேயாம். பழத்தைப் பாகூட்டிக் காப்பதையும் பிள்ளையைப் பாலூட்டி வளர்ப்பதையும் ஒரே சொல்லால் சுட்டிய மொழிவளம் வியக்கத்தக்கது.

சொற்கள் எதிர்த்திசையிலும் பயணம் செய்துள்ளன. ‘சர்க்கரா’ என்னும் இந்தியச் சொல் பாரசீகத்தின் வழியே சென்று அரபியில் ‘சுக்கர்’ ஆயிற்று. ‘கண்ட’ என்பது ‘கந்த்’ ஆயிற்று. ரோஜா இதழைச் சர்க்கரையில் ஊறவைத்த குல்கந்திலும் நம் கற்கண்டிலும் ஒலிப்பது அதே சொல்தான். ஆகவே, ஜாம் என்பது ஆங்கிலேயர் ரொட்டியோடு கொண்டுவந்த பண்டம் என்று கருதுவது வரலாற்றோடு முற்றிலும் பொருந்தாது. பெயர் அவர்களுடையது. பழத்தைக் காய்ச்சிக் காக்கும் கலை மிகப் பழையது. அக்கலையோடு ஹலால், ஹராம் பற்றிய ஒரு நுட்பமான கேள்வியும் பிணைந்திருந்தது என்பதையே இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

பழச்சாற்றை அப்படியே விட்டுவைத்தால் அது புளித்து மதுவாகும். திராட்சைத் தோட்டங்கள் மலிந்த ஷாம் நாடு முஸ்லிம்களின் ஆட்சிக்கு வந்தபோது இக்கேள்வி நேராகவே எழுந்தது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் ‘முவத்தா’வில், மஹ்மூத் பின் லபீத் (ரலி) வாயிலாக ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. கலீஃபா உமர் (ரலி) (ஆட்சிக்காலம் 634–644) ஷாம் சென்றிருந்தபோது, அந்நாட்டின் கொள்ளைநோயையும் மண்ணின் கடுமையையும் மக்கள் முறையிட்டனர்; தங்கள் பானமின்றித் தங்களுக்கு உடல்நலம் இல்லை என்றனர். தேன் அருந்துமாறு கலீஃபா கூறினார்கள். தேன் தங்களுக்கு ஒத்துவரவில்லை என்றனர். அப்போது அவ்வூரார் ஒருவர், போதை தராதவாறு அதே பானத்தைச் செய்து தரலாமா எனக் கேட்டார். இசைவு கிடைத்ததும், மூன்றில் இரு பங்கு வற்றி ஒரு பங்கு எஞ்சும்வரை சாற்றைக் காய்ச்சிக் கொணர்ந்தனர்.

உமர் (ரலி) அவர்கள் தம் விரலை அதில் விட்டு உயர்த்தினார்கள். பாகு விரலோடு நீண்டு இழுபட்டது. ஒட்டகத்தின் மேல் பூசும் மருந்துக் குழம்பை, அதாவது ‘திலா’வை, அது ஒத்திருப்பதாகக் கூறி அனுமதி அளித்தார்கள். உபாதா பின் ஸாமித் (ரலி) உடனே மறுப்புத் தெரிவித்தார்கள்; விலக்கப்பட்டதை ஆகுமாக்கிவிட்டீர்கள் என்பது அவர்களின் அச்சம். அவ்வாறில்லை என உமர் (ரலி) அல்லாஹ்வைச் சாட்சியாக்கி உறுதி கூறினார்கள்.

நம் வீட்டுப் பெண்மணிகள் பாகை இரு விரலால் தொட்டுப் பிரித்துக் ‘கம்பிப் பதம்’ பார்ப்பதற்கும் கலீஃபாவின் அந்த விரலுக்கும் வேறுபாடு உண்டோ?

பின்னாளில் ஃபிக்ஹு நூலோர் இவ்வளவைத் துல்லியமாக வகுத்தனர். சாறு பாதி வற்றியது ஒரு வகை, மூன்றில் இரு பங்கு வற்றியது இன்னொரு வகை எனப் பிரித்தனர். பெயரில் ஒரு சிக்கல் உண்டு. முவத்தாவின் நிகழ்ச்சியில் ‘திலா’ எனப்படுவது மூன்றில் ஒன்றாக வற்றிய பாகு. அல்லாமா மர்கீனானி (மறைவு 1197) அவர்களின் ‘ஹிதாயா’விலோ, மூன்றில் இரு பங்கு முழுமையாக வற்றாத, விலக்கப்பட்ட வகைக்கே அப்பெயர். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மாணவர் தடுமாறுவது இயல்பே. நன்கு வற்றிய பாகும் பிற்பாடு காரமேறினால் என்ன சட்டம் என்பதில் இமாம் அபூஹனீஃபா, அபூயூசுஃப் ஆகியோருக்கும் இமாம் முஹம்மதுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. காரமேறாத பாகில் சர்ச்சை இல்லை.

அது ஏன் மூன்றில் ஒன்று? கணக்கிட்டுப் பார்ப்போம். நன்கு கனிந்த திராட்சையின் சாற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ இருபது பங்கு சர்க்கரை. பாதியாக வற்றினால் அது நாற்பதாகும். அந்நிலையிலும் நுரைமம் (ஈஸ்ட்) வாழ்ந்து அதைப் புளிக்கச் செய்யவல்லது. மூன்றில் ஒன்றாக வற்றினால் அறுபதை எட்டும். அங்கே சர்க்கரை நீரைத் தன்னிடம் இறுக்கிக்கொள்வதால், நுண்ணுயிர்களுக்கு வேண்டிய நீர் கிட்டுவதில்லை. பெரும்பாலானவை செயலற்றுப் போகின்றன. புளிப்பேறுதல் உயிருள்ள நுண்மங்களின் வேலை என்பதை லூயி பாஸ்டர் 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் நிறுவினார். இந்தியாவில் 1955-ஆம் ஆண்டின் பழப்பொருள் ஆணை, ஜாமில் கரைந்த திடப்பொருள் நூற்றுக்கு 68 இருக்க வேண்டும் என்றது. 2011-இன் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அதை 65 ஆக்கியது. ஷாம் நாட்டு மக்கள் அடுப்படியில் கண்ட எல்லையும் இன்றைய சட்டத்தின் எல்லையும் எவ்வளவு அருகருகே நிற்கின்றன என்பது நோக்கத்தக்கது.

நாங்குநேரி வட்டாரத்து மாணவருக்கு இப்பாடத்தை விளக்க நாம் திராட்சைத் தோட்டத்தைத் தேடிப் போவதில்லை. பனை இருக்கிறது. ஒரே பாளையின் சாறு, கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். அந்தப் பதநீரைக் காய்ச்சினால் இடையில் கூப்பனி, முற்றினால் கருப்பட்டி. கூப்பனி என்றதும் ‘திலா’ விளங்கிவிடுகிறது.

ஆயினும் திலா இன்னும் ஜாம் அன்று. சாற்றை மூன்றில் ஒன்றாக வற்றச் செய்தால் பழத்தின் மணமும் நிறமும் பெரிதும் கெடுகின்றன. கரும்பு இந்தியாவிலிருந்து பாரசீகம், எகிப்து, ஸ்பெயின் எனப் பரவி, சர்க்கரை கைக்கெட்டும் பொருளானபோது வழி பிறந்தது. நீரை மட்டுமே வற்றவைப்பதற்குப் பதிலாகச் சர்க்கரையைச் சேர்த்தால், அதே எல்லையை விரைவில் எட்டலாம். அந்தலுஸ் நாட்டின் 13-ஆம் நூற்றாண்டுச் சமையல் நூலொன்றில் பழப்பாகுகளும் மஃஜூன்களும் மருந்தாகவே இடம்பெறுகின்றன. இப்னு ஸீனா (980–1037) ரோஜாப் பாகைக் காசநோயாளருக்குப் பரிந்துரைத்தார். இன்று ஐரோப்பியர் வழங்கும் ‘மார்மலேட்’ என்னும் பெயர், சீமை மாதுளையைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தது.

இனி நம் அடுப்படிக்கு வருவோம். களக்காடு, திருக்குறுங்குடி, ஏர்வாடிப் பக்கங்களில் வாழை செழிப்பு. சூறைக்காற்றில் தோட்டம் சாயும் நாட்களிலும், தார் விலை வீழும் நாட்களிலும் கனிந்த பழம் ஆட்டுக்குப் போகிறது. வாழைப்பழத்தைக் காக்கும் மரபு தமிழகத்தில் இல்லாததன்று. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தம், நீர் சேர்க்காமல் பழத்தையும் இனிப்பையும் பிசைந்து செய்வது. வீட்டில் முதன்முதலாக ஜாம் செய்ய முனைவோர்க்கு இம்முறையைக் கூறலாம்.

தோல் நீக்கிய கனிந்த பழம் ஒரு கிலோ, சர்க்கரை முக்கால் கிலோ, எலுமிச்சம்பழம் மூன்று. எலுமிச்சையைக் குறைக்கலாகாது. வாழையில் புளிப்பு மிகக் குறைவு. புளிப்பின்றிப் பழத்திலுள்ள பெக்டின் இறுகாது. (கொய்யாவில் பெக்டின் மிகுதி. தொடக்கத்தில் தோல்வி கண்டவர் கொய்யாவில் தொடங்குக.) பழத்தை மசித்து, அரைக் குவளை நீருடன் அடிகனத்த அகன்ற பாத்திரத்தில் வேகவிட்டு, மென்மையானதும் சர்க்கரையையும் சாற்றையும் சேர்த்துக் கிளற வேண்டும். சர்க்கரை கரையும்வரை தீ மெதுவாகவும், பின்னர் சற்றே விரைவாகவும் எரியட்டும். கொதிக்கும் கூழ் தெறித்தால் கை வெந்துவிடும். நீண்ட அகப்பை நன்று.

பதம் பார்ப்பதில்தான் புதியவர் இடறுகின்றனர். குளிர்ந்த தட்டில் ஒரு துளி விட்டுச் சாய்த்தால் ஓடாமல் மெல்ல நகர வேண்டும். வெப்பமானி இருப்பின் 105 பாகை செல்சியஸ் போதும். இவற்றினும் உறுதியானது தராசு. பழத்தின் திடப்பொருள் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, சர்க்கரை முக்கால் கிலோ. ஆக ஒரு கிலோவை ஒட்டிய திடப்பொருள். மொத்த எடை ஒன்றரைக் கிலோவுக்கு இறங்கினால் 65 விழுக்காட்டை எட்டியாயிற்று. வெற்றுப் பாத்திரத்தை முன்பே எடைபோட்டு வைத்துக்கொள்வது அவசியம்.

கருப்பட்டியிலும் செய்யலாம். அதில் ஈரமும் கசடும் கலந்திருப்பதால், முதலில் கரைத்து வடிகட்டிக் காய்ச்ச வேண்டும். மேற்கூறிய எடைக் கணக்கு அதற்கு அப்படியே பொருந்தாது. நிறம் கருக்கும், மணம் உயரும். முதல் முறைக்குச் சர்க்கரையே ஏற்றது. கண்ணாடிப் புட்டிகளையும் மூடிகளையும் கொதிநீரில் இட்டு ஈரமறக் காயவைத்து, ஜாம் சூடாக இருக்கும்போதே கழுத்துவரை நிரப்பி மூடுக. ஈரக் கரண்டி பட்டால் மேற்பரப்பில் சர்க்கரையின் செறிவு குறைந்து, நாம் துரத்திய நுரைமம் அங்கே திரும்பிவிடும். திறந்த புட்டியைக் குளிர்பெட்டியில் வைத்து ஒரு மாதத்திற்குள் முடித்துவிடுவது நல்லது.