அமைச்சர் பதில் சொன்ன இரு அவைகள்

சென்னையில் சட்ட மேலவையின் முன்னவராக இருந்த ஆர்.வெங்கட்ராமன், அந்த மேலவை ஒழிக்கப்பட்ட ஆண்டில் டெல்லியில் மாநிலங்களவைத் தலைவராக இருந்தார். 1957 முதல் 1967 வரை தொழில், தொழிலாளர் நலம், மின்சாரம், கூட்டுறவு, போக்குவரத்து, வணிகவரி எனப் பல துறைகளை அமைச்சராகக் கவனித்தவர் அவர். அந்தக் காலத்தில் மேலவையில் அரசின் அலுவல்களை நடத்திக்கொடுத்ததும் அவர்தான். 1984-இல் குடியரசுத் துணைத் தலைவரானதும், பதவி வழியாக மாநிலங்களவையின் தலைவர் நாற்காலி அவருக்கு வந்தது. 1986 மே 14-இல் தமிழ்நாடு சட்டப்பேரவை மேலவை வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. அதற்கான சட்டத்தை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றின. அந்த ஆண்டு நவம்பர் 1 முதல், சட்டமன்றம் கூடும் சென்னைக் கோட்டையில் ஒரே அவைதான்.

இந்த இரண்டு மேலவைகளையும் அமைச்சரின் வேலையை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கத் திருவண்ணாமலை பொருத்தமான ஊர். அண்ணாமலையார் கோயில் நிர்வாகம் சென்னையில் இயற்றிய அறநிலையச் சட்டத்தின்படி நடக்கிறது. அதே கோயிலைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கும் அதிகாரம் டெல்லிக்கு இருக்கிறது. கிரிவலப் பாதையின் சாலை மாநில அமைச்சரின் பொறுப்பு. பௌர்ணமிக்கு வரும் ரயில் மத்திய அமைச்சரின் பொறுப்பு. ஆக, இந்த ஊருக்கு இரண்டு அமைச்சரவைகளிடமும் கேட்க வேண்டியவை எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். யார் மூலம், எந்த அவையில் கேட்பது என்பதில்தான் வேறுபாடு வருகிறது.

சட்டத்தில் இரண்டுக்கும் பொது விதி உண்டு. அமைச்சர் எந்த அவையின் உறுப்பினராக இருந்தாலும் இரு அவைகளிலும் உட்காரலாம், பேசலாம். வாக்களிப்பது மட்டும் தன் சொந்த அவையில். மத்திய அமைச்சருக்கு அரசியலமைப்பின் 88-ஆவது பிரிவும் மாநில அமைச்சருக்கு 177-ஆவது பிரிவும் இதைச் சொல்கின்றன. அமைச்சரவை கூட்டாகப் பொறுப்பேற்பது மக்களவைக்கும் சட்டப்பேரவைக்கும்தான். மேலவையில் தோற்றால் ஆட்சி கவிழாது. மானியக் கோரிக்கைக்கு மேலவையின் வாக்கும் தேவையில்லை. இதைப் பார்த்துவிட்டு மேலவை அலங்காரப் பொருள் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கீழவையில் அமைச்சருக்குப் பின்னால் பெரும்பான்மை உட்கார்ந்திருக்கிறது. கொறடா உத்தரவு இருக்கிறது. மேலவையில் அந்தப் பலம் பல நேரம் இருக்காது. அங்கே அவர் காரணம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கோட்டையில் இருந்த மேலவைக்கு 63 இடங்கள். மூன்றில் ஒரு பங்கை உள்ளாட்சி உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள், இன்னொரு மூன்றில் ஒரு பங்கைச் சட்டமன்ற உறுப்பினர்கள். பட்டதாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு வீதம். மீதி ஆளுநரின் நியமனம். திருவண்ணாமலை அப்போது வடஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 1989-இல்தான். திருவண்ணாமலை நகராட்சி உறுப்பினருக்கும் சுற்றுப்பட்டு ஊராட்சி ஒன்றிய உறுப்பினருக்கும் மேலவைத் தேர்தலில் வாக்கு இருந்தது. தெருக் குழாயும் சாக்கடையும் பார்த்துக்கொண்டிருந்தவரின் வாக்கில் ஜெயித்த எம்.எல்.சி., கோட்டையில் உள்ளாட்சி அமைச்சருக்கு எதிரே உட்கார்ந்தார். கல்வி அமைச்சர் எழுந்தால் ஆசிரியர் தொகுதியிலிருந்து வந்தவர்கள் எதிரே இருந்தார்கள். சம்பளப் பட்டுவாடா, பதவி உயர்வு, மானியப் பள்ளிகளின் சிக்கல் எல்லாம் அவர்கள் அன்றாடம் பட்டவை. அவர்களுக்குப் பதில் சொல்வதற்கு முன் துறைக் கோப்பை அமைச்சர் தானே படித்திருக்க வேண்டும். செயலாளர் எழுதிக்கொடுத்ததை வாசித்து ஒப்பேற்ற முடியாது.

இந்த நெருக்கம்தான் அந்த மேலவையின் பெரிய சொத்து. அதற்கு இழுக்கும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 1952-இல் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்காதபோது, தேர்தலில் நிற்காத ராஜாஜியை ஆளுநர் ஸ்ரீபிரகாசா மேலவைக்கு நியமித்தார், அவர் முதலமைச்சரானார். கொல்லைப்புற வழி என்று அன்றைக்கே பேச்சு எழுந்தது. வழக்கும் போட்டார்கள், நிற்கவில்லை. அடுத்து 1954-இல் முதலமைச்சரான காமராஜருக்கு அந்த வழி திறந்தே இருந்தது. அவர் அதைத் தொடாமல் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்துப் பேரவைக்குப் போனார். குடியாத்தமும் அன்றைய வடஆற்காடுதான். 1967-இல் முதலமைச்சரான அண்ணா மேலவை உறுப்பினராக இருந்தார். ஆனால் அவரை யாரும் ராஜாஜியோடு சேர்த்துப் பேசுவதில்லை. மாநிலம் முழுக்க ஓட்டுக் கேட்டு, தன் கட்சியை ஜெயிக்கவைத்து வந்தவர் அவர். அதற்கு முன்பு 1962 முதல் மாநிலங்களவையில் எதிர்வரிசையில் இருந்தவரும் அவரே. இரண்டு மேலவைகளையும் உள்ளிருந்து பார்த்தவர் என்று வெங்கட்ராமனுக்கு அடுத்து அவரைச் சொல்லலாம்.

டெல்லிக்கு வருவோம். மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 இடம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 6 பேர் ஓய்வு பெறுகிறார்கள். அந்த இடங்களுக்கு 234 எம்.எல்.ஏ.க்கள் வாக்களிக்கும்போது ஒருவர் ஜெயிக்க 34 வாக்கு போதும். திருவண்ணாமலை மாவட்டத்தின் 8 எம்.எல்.ஏ.க்களும் ஒன்றாகச் சேர்ந்தாலும் அதில் கால்வாசிகூட ஆகாது. ஊருக்கென்று அங்கே யாரும் கிடையாது. 2003-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, எந்த மாநிலத்துக்காரரும் எந்த மாநிலத்திலிருந்தும் மாநிலங்களவைக்குப் போகலாம். மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன் முதலில் ஆந்திரத்திலிருந்தும் பிறகு கர்நாடகத்திலிருந்தும் போனார். ஜெய்சங்கர் குஜராத்திலிருந்து, எல்.முருகன் மத்தியப் பிரதேசத்திலிருந்து. தமிழ் பேசும் அமைச்சர்கள் அந்த அவையில் இருக்கிறார்கள். அவர்கள் நம் எம்.எல்.ஏ.க்கள் அனுப்பியவர்கள் அல்லர்.

தமிழ்நாட்டிலிருந்தே போனவர் என்றால் பா.ம.க.வின் அன்புமணி ராமதாஸ். 2004 மே மாதம் சுகாதார அமைச்சராகப் பதவியேற்றார். மாநிலங்களவை இடம் அதற்குப் பிறகுதான் கிடைத்தது. உறுப்பினராக இல்லாதவர் ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம் என்ற விதி அதற்கு இடம் கொடுத்தது. அவர் கையாண்டதில் ஊர்மக்கள் கண்ணால் பார்க்கும் வேலை ஒன்று இருக்கிறது. பேருந்து நிலையம், டீக்கடை, தங்கும் விடுதி என்று எங்கே போனாலும் ‘இங்கு புகைபிடிப்பது குற்றம், அபராதம் 200 ரூபாய்’ என்று பலகை இருக்குமே, அதற்கான விதிகள் அவர் அமைச்சராக இருந்தபோது 2008 அக்டோபர் 2-இல் நடைமுறைக்கு வந்தவை. அதற்கு அடிப்படையான புகையிலைப் பொருள் சட்டத்தின் மசோதா 2001-இல் முதலில் மாநிலங்களவையில்தான் அறிமுகமானது. நாடாளுமன்றக் குழு அதைத் துருவிப் பார்த்தது. 2003-இல் அது நிறைவேறியபோது சுகாதார அமைச்சராக இருந்த சுஷ்மா சுவராஜும் மாநிலங்களவை உறுப்பினர். ஒருவர் சட்டமாக்க, வேறு கட்சியிலிருந்து பின்னால் வந்த இன்னொருவர் விதிகளை இறுக்கினார். கட்சி மாறியும் வேலை அறுபடவில்லை. புகையிலைக் கம்பெனிகளின் நெருக்குதலுக்கு நடுவே இப்படி ஒரு காரியம் முடிந்ததை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

அந்த அவையில் அமைச்சரின் அன்றாடம் எளிதல்ல. 2014 முதல் அங்கே கேள்வி நேரம் பகல் 12 மணிக்கு. நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் நாளொன்றுக்கு 15. அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். எழுத்தில் பதில் கோருபவை 160 வரை. எழுத்துப் பதிலில் அதிகாரிகள் ஒப்பேற்றிவிடலாம். துணைக் கேள்வி வரும்போதுதான் அமைச்சருக்குத் துறை தெரியுமா என்று தெரிந்துபோகும். ‘பரிசீலிக்கிறோம்’, ‘தகவல் திரட்டிச் சொல்கிறோம்’ என்று அமைச்சர் வாய்விட்டுச் சொன்னால் அது உறுதிமொழிக் குழுவின் கணக்கில் ஏறிவிடுகிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் கால நீட்டிப்புக் கேட்டு நிற்க வேண்டும்.

மாநிலங்களவையின் உண்மையான பலம் தெரிவது அரசுக்கு அங்கே எண்ணிக்கை இல்லாதபோது. ஜி.எஸ்.டி.க்கான அரசியலமைப்புத் திருத்த மசோதா 2015 மே மாதமே மக்களவையைத் தாண்டிவிட்டது. மாநிலங்களவை அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது. அரசியலமைப்புத் திருத்தத்துக்குக் கூட்டுக் கூட்டம் என்ற வழி கிடையாது. இந்த அவையின் சம்மதம் இருந்தே ஆக வேண்டும். நிதியமைச்சர் அருண் ஜேட்லி அப்போது அந்த அவையின் முன்னவர். மாநிலங்களோடும் எதிர்க்கட்சிகளோடும் ஓராண்டுக்கு மேல் பேசி, மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு விதிக்க இருந்த 1 சதவீதக் கூடுதல் வரியைக் கைவிட்டு, 2016 ஆகஸ்ட் 3-இல்தான் அதை நிறைவேற்ற முடிந்தது. அ.தி.மு.க. வெளிநடப்புச் செய்தது. அதே 2015-இல் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் திருத்தம் இந்த அவையில் தேறாது என்று தெரிந்து, அவசரச் சட்டத்தைக் காலாவதியாக விட்டுவிட்டார்கள். நிலத்தை நம்பிப் பிழைக்கும் செங்கம், கலசபாக்கம் பகுதி விவசாயிக்கு அது சின்ன விஷயமல்ல.

கோட்டையின் மேலவைக்கு இந்தப் பலம் ஒருபோதும் இருந்ததில்லை. பேரவை அனுப்பிய மசோதாவை முதல் சுற்றில் மூன்று மாதம், மறுசுற்றில் ஒரு மாதம் தாமதிக்கலாம், அவ்வளவுதான். ஆனாலும் சட்டம் இரண்டு இடத்தில் பேசப்பட்டது. 1951-இன் அறநிலையச் சட்டத்தில் சில பிரிவுகளை உச்ச நீதிமன்றம் சிரூர் மடம் வழக்கில் செல்லாது என்ற பிறகு வந்ததுதான் 1959-ஆம் ஆண்டின் 22-ஆவது சட்டம். அண்ணாமலையார் கோயிலின் அறங்காவலரும் செயல் அலுவலரும் இன்றைக்கும் அதன்படிதான். பரம்பரை அர்ச்சகர் உரிமையை நீக்கிய 1970-இன் திருத்தமும் அப்படியே. இரண்டையும் பேரவையில் ஒருமுறை, மேலவையில் ஒருமுறை விளக்க வேண்டியிருந்தது. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று 2006-இல் சட்டம் வந்தபோது ஒரே அவைதான். அதன் தொடர்ச்சியாகத் திருவண்ணாமலையிலும் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளி திறந்தார்கள். படித்து முடித்தவர்களில் பலர் வேலைக்காக 2021 ஆகஸ்ட் வரை காத்திருந்தார்கள். அந்த நீண்ட காத்திருப்புக்கு நீதிமன்ற வழக்குகள் காரணம். மேலவை இருந்திருந்தால் வழக்கு வந்திருக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இளைஞர்களின் நிலை என்ன என்று அமைச்சரை ஆண்டுதோறும் எழுப்பிக் கேட்க இன்னொரு இடம் இருந்திருக்கும்.

கோயிலையே மையமாக வைத்து இரண்டு அரசுகளும் உரசிக்கொண்டது 2002-இல். இந்தியத் தொல்லியல் துறை அண்ணாமலையார் கோயிலைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச் சின்னமாக அறிவித்தது. பண்பாட்டு அமைச்சர் ஜக்மோகன், மக்களவை உறுப்பினர். அப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடை உண்டு. நான்கு மாட வீதிகளின் கடைகளும் வீடுகளும் கோயில் மதிலை ஒட்டியே இருக்கின்றன. ஊர் கொந்தளித்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, கடைசியில் தொல்லியல் துறை பின்வாங்கி, கோயில் அறநிலையத் துறையிடமே திரும்பியது. இங்கே கவனிக்க வேண்டியது, 1958-இன் சட்டப்படி இது அறிவிக்கையால் முடியும் வேலை. மசோதா இல்லை, ஆதலால் எந்த அவையின் முன்சம்மதமும் தேவைப்படவில்லை. உறுப்பினர்கள் நடந்த பிறகுதான் கேட்க முடியும். பலம் மிகுந்த மாநிலங்களவையும் அந்த இடத்தில் கைகட்டி நிற்க வேண்டியதுதான். மாட வீதிக்காரர்கள் தெருவிலும் நீதிமன்றத்திலும் போராடிப் பெற்றதை எந்த மேலவையும் பெற்றுத் தரவில்லை.

ஆக, டெல்லியின் மேலவையில் அமைச்சரைத் தடுத்து நிறுத்தும் பலம் இருக்கிறது. திருவண்ணாமலைக்கு அங்கே வாசல் இல்லை. கோட்டையின் மேலவையில் பலம் குறைவு. நகராட்சி உறுப்பினரின் வாக்கில் வந்தவர் அங்கே அமைச்சர் முகத்துக்கு நேரே பேசினார். எது பெரிய குறை என்று கேட்டால், எனக்கு இரண்டாவது அவை போனதுதான் உறுத்துகிறது. நியமனத்திலும் தேர்தலில் தோற்றவர்களைக் குடியேற்றியதிலும் அந்த மேலவை கெட்ட பெயர் வாங்கியது உண்மை. அந்த ஓட்டையை அடைத்திருக்கலாம். உள்ளாட்சிக்கும் ஆசிரியருக்கும் இருந்த இடத்தையும் சேர்த்துப் பிடுங்கியிருக்க வேண்டாம்.

மீட்கும் முயற்சி நடக்காமல் இல்லை. தி.மு.க. ஆட்சிக்கு வரும்போது மேலவை வேண்டும் என்று தீர்மானம், அ.தி.மு.க. வரும்போது அது ரத்து. 1989, 1996, 2010 மூன்று முறையும் இதே கதை. 2010 மே மாதம் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் 78 உறுப்பினர் கொண்ட தமிழ்நாட்டு மேலவைக்குச் சட்டமே இயற்றின. மத்திய சட்ட அமைச்சர் வீரப்ப மொய்லி. 2011-இல் ஆட்சி மாறியது, தேர்தல் நடக்கவேயில்லை. அந்தச் சட்டத்தை நீக்கும் மசோதாவை 2012 மே மாதம் மாநிலங்களவையில்தான் அறிமுகப்படுத்தினார்கள். மக்களவை எத்தனை முறை கலைந்தாலும் மாநிலங்களவையில் அறிமுகமாகி அங்கேயே நிலுவையில் இருக்கும் மசோதா காலாவதி ஆவதில்லை. அடுத்து யாராவது இந்த விஷயத்தைக் கையில் எடுத்தால், 2024-இல் மாநகராட்சியாகிவிட்ட திருவண்ணாமலையின் உறுப்பினர்களுக்கும் ஊராட்சி ஒன்றிய உறுப்பினர்களுக்கும் உரிய அந்த மூன்றில் ஒரு பங்கிலிருந்து பேச்சைத் தொடங்கட்டும்.