அநுராதபுரத்தின் புதிய நகருக்கும் ஒரு வரலாறு உண்டு

அநுராதபுரம் என்றதும் நம் மாணவர்கள் றுவன்வெலிசாய, ஸ்ரீ மகாபோதி, திஸ்ஸவெவ என்று வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். பரீட்சைக்கு அது போதும். அந்த நகரின் தெருவைக் கூட்டியவர் யார், அவர் எங்கே குடியிருந்தார் என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு அமைதியாகிவிடும்.

விடை மகாவம்சத்திலேயே இருக்கிறது. பண்டுகாபய மன்னன் நகரை அமைத்த விதத்தைச் சொல்லும் 10ஆம் அத்தியாயத்தில், தெருக்களைச் சுத்தம் செய்ய 500 பேர், கான்களைத் துப்புரவாக்க 200 பேர், பிரேதம் சுமக்க 150 பேர், மயானம் காக்க 150 பேர் என்று கணக்கு வருகிறது. இவர்களுக்கென்று மயானத்துக்கு வடமேற்கே ஒரு கிராமம். மேற்கு வாசலருகே யோனருக்கு ஓர் இடம். யோனர் என்ற பெயரைக் கண்டதும் "நம்மவர்கள்தான்" என்று நாம் அவசரப்படக் கூடாது. இஸ்லாம் வந்தது அதற்குச் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு.

மகாவம்சம் எழுதப்பட்டதும் பண்டுகாபயனுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான். ஆகவே அந்த எண்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் நகரின் ஓரத்தில் வாழ்ந்தவர்களையும் எழுதிவைக்க வேண்டும் என்று அந்தத் தேரருக்குத் தோன்றியிருக்கிறதே, அதுதான் நமக்குப் பாடம்.

இனி நமக்குக் கிட்டிய காலத்துக்கு வருவோம். 1873இல் வடமத்திய மாகாணம் உருவாகி, அநுராதபுரம் அதன் தலைநகரானது. கச்சேரி வந்தது. 1905இல் யாழ்ப்பாணம் வரை ரயில் ஓடத் தொடங்கியது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என எல்லோரும் கடை போட்டார்கள், வீடு கட்டினார்கள். பழைய இடிபாடுகளை ஒட்டியும் அவற்றின் மேலும் ஒரு சந்தை நகரம் வளர்ந்தது. அத்திவாரம் வெட்டும் இடமெல்லாம் புராதனச் சின்னம். புனித பூமியைக் காக்க வேண்டும் என்ற கோரிக்கையும் வலுத்தது. 1942இல் அநுராதபுரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. நகரத் திட்டமிடலாளர் ஒலிவர் வீரசிங்க புதிய நகருக்குத் திட்டம் வரைந்தார். சுதந்திரத்திற்குப் பின் அலுவலகங்களும் கடைகளும் குடும்பங்களும் நுவரவெவ பக்கமாக இடம் மாறின. முதலாம் கட்டம், இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம் என்று இன்றும் முகவரியில் எழுதுகிறோமே, அது அந்தத் திட்டம் விட்டுச் சென்ற பெயர்தான்.

மாற்றியது தவறு என்று நாம் சொல்லவில்லை. 1982இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த நகரத்தின் மேல் கடைத்தெரு இருக்க முடியாது. ஆனால் இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றைக் காக்க, தங்கள் எழுபது எண்பது ஆண்டு வரலாற்றை விட்டுக்கொடுத்த குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு எந்தப் பலகையும் இல்லை, பாடநூலில் ஒரு வரியும் இல்லை.

1960களில் இருபது வயதில் சாமான் கட்டியவர்கள் இன்று எண்பதை ஒட்டியோ தாண்டியோ இருக்கிறார்கள். ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் இந்த விடுமுறையில் கேளுங்கள்: பழைய நகரில் கடை எங்கே இருந்தது? பக்கத்துக் கடை யாருடையது? புதிய நகருக்கு வந்த முதல் வருடம் வியாபாரம் எப்படி நடந்தது? சொல்வதைத் தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். பழைய உறுதி, வரிச் சீட்டு, கடை பில், போட்டோ எதையும் வீசிவிடாதீர்கள். மன்னர்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது. நம் மூத்தாப்பாக்களுக்கு அந்தக் கடதாசிகள்தான் இருக்கின்றன.