அர்ராஸி கேட்ட ஆதாரம்

'சான்றுசார் மருத்துவம்' என்ற பெயர் 1990களின் தொடக்கத்தில் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவர்களால் பிரபலமானது. அது எழுப்பும் கேள்வியோ மிகப் பழையது. ஒரு சிகிச்சை பலனளித்தது என்பதை வைத்தியர் எதனைக் கொண்டு அறிகிறார்? ஆசானின் சொல்லா, தர்க்கமா, கண்ட அனுபவமா?

இன்றைய தெஹ்ரானுக்கு அருகேயுள்ள ரய் நகரில் 865 அளவில் பிறந்த அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸக்கரிய்யா அர்ராஸி, ரய்யிலும் பக்தாதிலும் வைத்தியசாலைகளுக்குப் பொறுப்பாயிருந்தவர். அவர் மறைந்தபின் அவரது குறிப்புகளிலிருந்து தொகுக்கப்பட்டதே 'அல்ஹாவி'. தலையும் கழுத்தும் நாட்கணக்கில் வலித்தல், வெளிச்சம் பொறுக்காமை, உறக்கமின்மை ஆகியவற்றை 'ஸிர்ஸாம்' என்னும் மூளைச்சவ்வு அழற்சியின் முன்னறிகுறிகளாக அதில் கூறுகிறார். இத்தகையோரில் ஒரு சாராருக்கு நாளத்தைக் கீறி இரத்தம் வடித்தார். மற்றொரு சாராரை வேண்டுமென்றே விட்டுவிட்டார். ஒரு முடிவைக் காணவே அவ்வாறு செய்ததாகவும், விடப்பட்டோர் அனைவரும் அந்நோய்க்கு ஆளானதாகவும் எழுதுகிறார். விடப்பட்டோரின் சம்மதம் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நவீன ஆய்வுமுறையை நாமே கண்டுபிடித்தோம் என்று எம்மவர் இதனைப் பெருமையோடு சொல்வதுண்டு. ஆஸ்பத்திரி கட்ட இடந்தேடி, பக்தாதின் பல திசைகளில் அவர் இறைச்சி தொங்கவிட்ட கதையும் கூடவே வரும். அக்கதைக்குரிய அழுதி வைத்தியசாலை திறக்கப்பட்டது 982 அளவில். அர்ராஸி அதற்குப் பல்லாண்டுகள் முன்பே காலமாகிவிட்டார்.

ஸிர்ஸாம் குறிப்பையும் இப்படியே உரசிப் பார்க்கத்தான் வேண்டும். நோயாளர் எத்தனை பேர், எவரை எப்பக்கம் சேர்ப்பதென எவ்வாறு தீர்மானித்தார் என்பன அதில் இல்லை. 1835இல் பாரிஸில் பியேர் லூயி நிமோனியா நோயாளர் 77 பேரை எண்ணிக் கணக்கிட்டார். முதல் நான்கு நாட்களுக்குள் இரத்தம் வடிக்கப்பட்டோரில் 44 சதவீதத்தினர் இறந்திருந்தனர். பிந்தி வடிக்கப்பட்டோரில் 25 சதவீதத்தினரே. எவருக்கு மருந்து என்பதை மருத்துவரின் விருப்பிலிருந்து பிரித்து, எழுந்தமான முறையில் தீர்மானித்த பிரித்தானிய ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு 1948இல் வெளிவந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு படி. ஒப்பிடுபவரின் கையையே சந்தேகிப்பது வேறொரு படி. அர்ராஸி முதலாவதில் நின்றவர்.

ஆனால் அவரது பெரிய துணிவு வேறிடத்தில் இருக்கிறது. 'அஷ்ஷுகூக் அலா ஜாலீனூஸ்' என்ற நூலில், தாம் ஆசானாகப் போற்றிய கிரேக்க வைத்தியர் கேலனையே வரிக்கு வரி மறுக்கிறார். வைத்தியசாலைகளில் தாம் கண்ட காய்ச்சல்கள் கேலன் எழுதியபடி போகவில்லை என்கிறார். நன்றி கெட்டவன் என்று தூற்றுவார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கான பதிலைக் கேலனிடமிருந்தே எடுக்கிறார்: ஆதாரமின்றித் தம் சொல்லை மாணாக்கர் ஏற்க வேண்டுமென எதிர்பார்ப்போரைக் கேலனும் கண்டித்திருக்கிறார்.